ஈரக் கழிவு

மே 28

இன்று ஆஸ்வால்ட் அண்ணனோடு பந்தயம் கட்டிவிட்டேன். டீக்கடை வாசலில், ஊர்க் கமிட்டித் தலைவர் சாட்சியாக, கைகொடுத்து. பந்தயத்தில் வைத்திருப்பது காயலோரத்தில் இருக்கும் என் பழைய கருவாட்டு செட், ஓலைக் கொட்டகை.

விவரத்தை எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

கருவாடு காயப்போடும் வேலை எல்லாவற்றையும் உப்பளத்து ரோட்டுக்கு மாற்றியதில் இருந்து அந்த செட் சும்மா கிடக்கிறது. போன மாதம் சென்னைப் பக்கத்துக் கோவளத்திலிருந்து தாமு என்று ஒரு பையன் வந்தான். பையன் என்றாலும் முப்பதுக்குப் பக்கம் இருக்கும். மீன்பிடிக் குடும்பம்தான். நம் காயலைப் பார்த்துவிட்டு நாள் முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் கச்சான் காற்றும், அலையில்லாத இந்தத் தண்ணீரும் வேறெங்கும் சேர்ந்து கிடைக்காதாம். ‘விங் ஃபாயில்’ என்று ஒரு விளையாட்டு. அதைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளி வைக்க என் செட்டை வாடகைக்குக் கேட்டான்.

ஒரு பலகை. பலகைக்கு அடியில் ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கம்பம். கம்பத்தின் நுனியில் குட்டி விமானம் போல ஓர் இறக்கை, அது தண்ணீருக்குள் இருக்கும். கையில் காற்றடைத்த பெரிய இறக்கை. காற்று இழுக்க, வேகம் பிடித்ததும் பலகை தண்ணீரை விட்டு மேலே எழுந்து பறக்கும். அவன் செய்து காட்டினான். பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் கண்ணோடுதான் பார்த்தேன்.

செட் என்னுடையது. ரோட்டிலிருந்து செட்டுக்குப் போகும் பாதை ஐஸ் கம்பெனி ஆஸ்வால்ட் அண்ணனுடையது. கருவாட்டு வண்டிக்கு விட்டவர், இப்போது விடமாட்டேன் என்கிறார். பாதை இல்லாவிட்டால் செட்டைத் தன் விலைக்கு வாங்கிவிடலாம் என்று கணக்கு.

“பலகை பறக்குமாம், பள்ளிக்கூடமாம். தங்கச்சி, நம்ம ஊர்ல எவன் ஏறுவான் அதுல?” என்று எல்லாரும் கேட்க சிரித்தார்.

“நான் ஏறுதேன்” என்றேன்.

டீக்கடையே சிரித்தது.

பேசிய நிபந்தனை இது. பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்குள் நான் அந்தப் பலகையில் காயலைக் கடந்து எதிரே மணல்திட்டில் கால் வைத்துத் திரும்பி வர வேண்டும். இரண்டு கரையிலும் கிளம்பும்போது பலகைமேல் முழங்கால் போட்டுக்கொள்ளலாம். நடுவில் முழங்கால் போட்டாலும் விழுந்தாலும் தோல்வி. தோற்றால் செட் அவர் சொன்ன விலைக்கு அவருக்கு. ஜெயித்தால் பாதை எனக்கு, நான் சொல்லும் குத்தகைக்கு.

ரோஷத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐம்பத்தொரு வயது, கனத்த உடம்பு, இதுவரை வள்ளத்தில்கூட ஏறாதவள். எஸ்கலின் நானே ஏறினால் எவன் ஏறமாட்டான்? இதைவிட விளம்பரம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

மே 29

வீட்டுக்காரர் கஸ்பாரிடம் காலையில்தான் சொன்னேன். முப்பது வருடம் கடலில் கிடந்த மனுசன். வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“நீந்தத் தெரியுமாளா உனக்கு?”

“காயல் இடுப்பளவுதானே.”

“நடுவுல ஓடை இருக்கு. வள்ளம் போற ஓடை. அங்க ரெண்டு ஆள் ஆழம்.”

“அதுக்குத்தான் சட்டை இருக்காம். மிதக்கிற சட்டை.”

மத்தியானம் பார்த்தால் தன் பழைய வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மே 31

பலகை வாங்கும் பேச்சு. பள்ளிக்கும் சேர்த்துத்தான் என்பதால் பலகைக்கு முதல் போடுவது நான், பாடம் சொல்வது அவன்.

இந்தப் பலகைக்கு நீள அகலம் யாரும் கேட்பதில்லை, லிட்டர்தான் கணக்கு. உள்ளே எத்தனை லிட்டர் காற்று அடங்குமோ அத்தனை கிலோவை அது தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் சின்னப் பலகையில் போவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்கைதான் தூக்குகிறது, பலகைக்கு அங்கே வேலை இல்லை. புதிதாக ஏறுகிறவர்களுக்கு நிற்கவே மிதப்பு வேண்டும். அதனால் உடம்பு எடையோடு ஒரு நாற்பது லிட்டராவது கூட்டிக்கொள்ள வேண்டுமாம்.

“வெயிட்டு எவ்ளோக்கா?” என்றான் தாமு.

“எண்பத்திரண்டு.”

(ஈரக் கழிவு போட்டுத்தான் சொன்னேன். எங்கள் தொழிலில் எந்தச் சரக்குக்கும் ஈரத்துக்கென்று எடையில் நூற்றுக்குப் பத்து கழிப்பது உண்டு.)

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “கரெக்டா சொல்லுக்கா. கோச்சிக்காத.”

“தராசு வச்சு வியாபாரம் பண்ணுதவ கிட்டயா கேக்க?”

“சரிக்கா. எண்பத்திரண்டு. நாப்பது கூட்டு. நூத்தி இருபத்திரண்டு. நூத்தி முப்பதா வாங்கிக்கலாம்.”

பெரிய பலகைக்கு விலை கூட. எந்த வியாபாரி பெரியதைத் தள்ளப் பார்க்கமாட்டான்? நான் பத்து கூட்டினால் போதும் என்றேன்.

“இன்னாக்கா இது, தண்ணிகிட்ட போய்ப் பேரம் பேசினுகீற?”

“நீ முதல்ல முப்பத்தஞ்சுக்கு இறங்கி வா” என்றேன்.

“முப்பத்தஞ்சா? நான் எங்கக்கா வர்றது? தண்ணிதான்க்கா வரணும்!”

வெகுநேரம் இழுத்தது. அவன் முப்பதில் நின்றான். நான் எழுந்து செருப்பை மாட்டினேன். கடைசியில் பதினைந்தில் முடிந்தது. தொண்ணூற்றேழு. பக்கத்து அளவு தொண்ணூற்றைந்து. கற்றுக்கொண்ட பிறகும் அதையே வைத்துக்கொள்ளலாம், இரண்டு பலகை வாங்கும் செலவு மிச்சம்.

“நீதான் முதலாளி. அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது” என்று போனில் ஆர்டர் சொன்னான். முகம் செத்துப்போயிருந்தது. நல்ல பேரம் முடிந்தால் எதிராளி முகம் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 6

பலகை வந்தது. அழகு. மஞ்சளும் கறுப்பும். கூடத்தில் வைத்துத் துடைத்தேன்.

கஸ்பார் சுற்றிச் சுற்றி வந்து, அடியில் தட்டி, ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

“இது ஒன்னத் தாங்குமா?”

“கணக்குப் போட்டு வாங்கியிருக்கு.”

“எவ்வளவுன்னு சொன்ன?”

“எண்பத்திரண்டு.”

“நீ எண்பத்திரண்டுன்னா நான் கப்பல் கேப்டன்” என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தவிடு வைக்கப் போனார்.

ஜூன் 8

ஞாயிறு. பூசை முடிந்து நேரே காயலுக்கு. உடுப்பு: சுடிதார், அதன்மேல் கஸ்பாரின் காற்சட்டை, அதன்மேல் முழுக்கைப் பனியன், மிதக்கும் சட்டை, தலைக்கவசம், காலுக்கு ரப்பர் செருப்பு. கரையில் கூட்டம். ஐஸ் கம்பெனி ஆட்கள் வேலையை விட்டு வந்திருந்தார்கள்.

நேற்றும் முந்தாநாளும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையிறக்கையைப் பிடிக்கப் பழகினேன். அது பிடிபட்டது. இழுக்கிற மாட்டைப் பிடிப்பது போலத்தான். இழுப்பை எதிர்க்கக்கூடாது, திருப்பிவிட வேண்டும்.

பலகைதான் பிடிபடவில்லை. முழங்கால் போட்டு ஏறினேன், பலகை தண்ணீருக்குள் போய்விட்டது. காணோம். முழங்கால் பலகைமேல் இருக்கிறது, இடுப்புவரை தண்ணீர். பிறகு பக்கவாட்டில் நழுவி என்னைக் கவிழ்த்துவிட்டு, தான் மட்டும் மேலே வந்து மிதந்தது.

திரும்ப. திரும்ப. திரும்ப.

“தங்கச்சி, பறக்கும்னு சொன்ன, இது முங்குதே! நீர்மூழ்கிக் கப்பல் பள்ளிக்கூடமா?” என்று ஆஸ்வால்ட் அண்ணன் கரையிலிருந்து கத்தினார். நல்ல நகைச்சுவைதான். மற்றவன் சொன்னதாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஜூன் 11

முங்கியது.

ஜூன் 12

முங்கியது. காதுக்குள் தண்ணீர்.

ஜூன் 15

மீன்பிடித் தடைக்காலம் நேற்றோடு முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன. இனி வேலை நெருக்கும். காயலுக்குப் போக நேரம் இல்லை என்று தாமுவிடம் சொல்லியனுப்பினேன்.

சாயங்காலம் அந்தப் பக்கமாக ஒரு சோலி இருந்தது. போன கையோடு கொஞ்சம் இறங்கினேன்.

ஜூன் 19

தாமு என் பலகையில் போனான். நான்தான் போகச் சொன்னேன், பலகையில் ஏதும் பழுது இருக்கிறதா என்று பார்க்க. ஒல்லிப்பிச்சான். ஏறியதும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை. திட்டுவரை ஒரு கொக்கு போவது போலப் போய்த் திரும்பி வந்தான். என் காசில் வாங்கிய பலகை, தண்ணீரில் படாமல் போகிறது.

“பலகை சூப்பர்க்கா. ஒண்ணும் பழுது இல்ல.”

“அப்ப பழுது எங்க?”

அவன் கையிறக்கையின் காற்றைப் பிடுங்கிவிட ஆரம்பித்தான்.

“காத்து பத்தலை” என்று நான்தான் சொன்னேன். தலையில் இருந்த முக்காடு பறந்துகொண்டிருந்தது.

இரவு சாப்பிடும்போது கஸ்பார் கேட்டார், “எதுக்கு எஸ்கலின் இம்புட்டுப் பாடு? செட்டைக் குடுத்துட்டுப் போவோம். நமக்கென்ன பிள்ளையா குட்டியா, சேர்த்து வைக்க.”

“வியாபாரம்” என்றேன்.

கல்யாணமான புதுசில் ஒருமுறை அந்தத் திட்டுக்கு என்னை வள்ளத்தில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பொம்பளையை வள்ளத்தில் ஏற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. செட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜூன் 22

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் காயலில் வழக்கம்போல முங்கிவிட்டு, துணி மாற்ற நேரமில்லாமல் மிதக்கும் சட்டையோடேயே குடோனுக்கு ஓடினேன். வேம்பார்ப் பக்கத்திலிருந்து பவுல்தாசன் சாளைக் கருவாடு கொண்டுவந்து காத்திருந்தான். சரக்கு சரியாகக் காயவில்லை. தொட்டால் கையில் பிசுபிசுப்பு. எடை போட்டு, வழக்கப்படி நூற்றுக்குப் பத்து ஈரக் கழிவு போட்டேன்.

“எக்கா, அநியாயம்” என்றான்.

“ஈரத்துக்கு எவன் காசு குடுப்பான்? காய்ஞ்சா அது இருக்குமா?”

“காய்ஞ்சா இருக்காது எக்கா. ஆனா ஏத்துன அன்னைக்கு இருந்துச்சே. வண்டி சுமந்துச்சு. நான் சுமந்தேன். பாருங்க தோள. உங்க தராசுல மட்டும் அது எடை இல்லையா?”

நான் வாயைத் திறந்தேன். பதில் இருந்தது, முப்பது வருடமாகச் சொல்லும் பதில். ஆனால் என் காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் குளம் கட்டியிருந்தது.

பவுல்தாசனைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினேன். குடோன் கதவைச் சாத்தினேன். மூட்டை போடும் தராசில் அப்படியே ஏறினேன். சுடிதார், காற்சட்டை, பனியன், மிதக்கும் சட்டை, ரப்பர் செருப்பு, தலைக்கவசம், எல்லாம் ஈரத்தோடு.

தொண்ணூற்றொன்பது.

இறங்கி, எல்லாம் மாற்றி, காய்ந்த சேலையோடு ஏறினேன். தொண்ணூற்றிரண்டு.

எண்பத்திரண்டு எங்கே போனது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சரக்கு வாங்கும்போது ஈரத்தைக் கழிக்கலாம். தண்ணீர் என்னை வாங்கும்போது கழிக்குமா? அது என்னை எப்படி வந்தேனோ அப்படியேதான் எடை போடுகிறது. தொண்ணூற்றொன்பதோடு பலகையின் சொந்த எடை, அடியில் தொங்கும் இரும்பு, கையில் உள்ள இறக்கை. தொண்ணூற்றைந்து லிட்டரில் இது எப்படி மிதக்கும்? பலகை முங்கியது சரி. முங்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

பவுல்தாசனுக்குக் கழிவு ஐந்தாகக் குறைத்தேன். அவன் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுப் போனான்.

ஜூன் 23

தாமுவிடம் சொன்னேன்.

“தொண்ணூத்தொன்பது. ஈரத்தோட. சட்டை செருப்பு எல்லாம் சேத்து.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மண்ணில் விரலால் எழுதினான். “நாப்பது கூட்டினா நூத்தி முப்பத்தொன்பது. நூத்தி நாப்பதுக்கா.”

“நூத்தி நாப்பதே போடு.”

“பேரம் இல்லியா?”

“தண்ணிகிட்ட என்ன பேரம்.”

இப்போது சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. பிறகு ஒன்று கேட்டேன், “உனக்கு முதல்லயே தெரியும்லா?”

“தெரியும்க்கா. ஒருத்தர் வெயிட்ட நான் எப்டிச் சொல்றது? எங்கம்மா கிட்டயே வாங்கிக் கட்டிக்கினேன்.”

இனிமேல் நம் பள்ளியில் யாரிடமும் எடையைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். உடுப்போடு காயலில் ஒரு முங்கு முங்கச் சொல்லி, தராசில் ஏற்றிவிட வேண்டியது. குடோனில் இருக்கும் பழைய தராசு ஒன்றை செட்டுக்கு அனுப்ப வேண்டும்.

மஞ்சள் பலகை வீணில்லை. சரக்கு நல்ல சரக்கு, ஆள்தான் வேறு. ஒல்லியான பிள்ளைகளுக்கு ஆகும்.

சுடிதாருக்குப் பதிலாக ஈரம் இழுக்காத துணியில் ஒன்று வரவழைத்திருக்கிறேன். கறுப்பு. கஸ்பார் பார்த்துவிட்டு “ஆத்தாடி” என்றார்.

ஜூன் 29

இராயப்பர் சின்னப்பர் திருநாள். ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. பலகை நேற்று வந்தது. கதவு மாதிரி இருக்கிறது. வெள்ளை.

இன்று அதன்மேல் முழங்கால் போட்டேன். முங்கவில்லை. ஒரு காலை ஊன்றினேன். மற்றதையும் ஊன்றினேன். நின்றேன்.

தண்ணீருக்கு மேல் நின்றேன்.

விழுந்தேன், அது வேறு. ஆனால் நின்ற பிறகு விழுந்தேன்.

ஜூலை 2

ஆஸ்வால்ட் அண்ணன் காயலுக்கே வந்துவிட்டார். வெள்ளைப் பலகையைச் செருப்புக் காலால் தொட்டுப் பார்த்தார்.

“இது என்னது, கட்டுமரமா? தாமுப் பயல் போறது சின்னது. இது ஏமாத்து வேலை தங்கச்சி.”

“அண்ணே, திட்டுன்னு பேசினோம், முழங்கால்னு பேசினோம், விழக்கூடாதுன்னு பேசினோம். லிட்டர் பேசினோமா?”

கூட வந்திருந்த கமிட்டித் தலைவர் யோசித்துவிட்டு, லிட்டர் பேசவில்லை என்றார்.

“பேசியிருக்கணும்” என்றார் ஆஸ்வால்ட் அண்ணன்.

“பேசியிருந்தா எனக்கே அன்னைக்கு வேற நம்பர்தான் தெரியும்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டியதில்லை.

ஜூலை 7

நின்றபடி ஓடையின் விளிம்புவரை போனேன். பறக்கவில்லை. படகு மாதிரி தண்ணீரைத் தட்டிக்கொண்டு போகிறது. தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் கூடத்திலேயே படுத்தேன்.

நெத்திலி இரண்டு லோடு கேரளாவுக்குப் போனது.

ஜூலை 12

இன்று எழும்பியது.

காற்று நல்ல பிடியில் இருந்தது. முன்காலில் கொஞ்சம் பாரத்தை விட்டு, பின்காலால் லேசாக அழுத்தச் சொன்னான் தாமு. முதலில் பலகை தட்டும் சத்தம், தடதடவென்று. அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று கீழே பார்த்தேன். பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெளிச்சம்.

ஒரு வீட்டு வேலியின் நீளம் போயிருப்பேன். கீழே பார்த்ததால் விழுந்தேன். விழுந்த இடத்தில் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினேன். என்ன கத்தினேன் என்று தாமு சொல்லமாட்டேன் என்கிறான்.

இதில் லாபம் இருக்கிறது. உறுதியாகச் சொல்வேன்.

ஜூலை 16

நான் தினமும் எழும்புகிறேன் என்று பார்த்துவிட்டு, நூற்றிருபது லிட்டர் பலகை ஒன்று ராமேஸ்வரத்தில் இருக்கிறது, இரண்டு நாளுக்கு வாங்கி வரட்டுமா என்றான் தாமு. இன்னும் லேசாக எழும்புமாம், திருப்ப வாகாம்.

ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். எழும்பும்போது எந்தப் பலகையும் நல்ல பலகைதான். காற்று கைவிடும்போது எது என்னைத் தாங்கும் என்பதுதான் கேள்வி. முதல் போடுகிறவள் நல்ல நாளை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

ஜூலை 20

ஒத்திகை. போகும்போதே ஓடையில் விழுந்தேன். கஸ்பார் வள்ளத்தோடு பின்னால் வந்தார். கை நீட்டினார். பிடிக்காமல் நானே ஏறினேன்.

“பலகையப் பாக்காதளா” என்றார். “பாத்த இடத்துக்குத்தான் உடம்பு போவும். போறப்ப திட்டுல அந்த ஒத்தப் பனையப் பாரு. வாறப்ப கோயில் கோபுரத்தப் பாரு. கோபுரத்துக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனி தண்ணித் தொட்டி தெரியும். ரெண்டும் ஒட்டி நின்னா நேரா நம்ம செட்டுக்கு வருத. நாங்க அப்படித்தான் வருவோம்.”

இத்தனை வருடத்தில் கடலைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன முதல் விஷயம் இது. நானும் கேட்டதில்லை.

ஜூலை 22

காற்று இல்லை. காயல் கண்ணாடியாகக் கிடக்கிறது. கொடியேற்றம் 26. ஆஸ்வால்ட் அண்ணன் ஆள் அனுப்பி செட்டை அளக்கச் சொல்லியிருக்கிறார். நாடாவோடு வந்தவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூலை 23

இன்றும் இல்லை. குடோனில் எல்லாரையும் திட்டினேன்.

ஜூலை 24

காலையில் பனைமட்டை சத்தத்தில் விழித்தேன். காற்று.

பத்து மணிக்கு ஊரே கரையில். கமிட்டித் தலைவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்வால்ட் அண்ணன் குடை பிடித்து நின்றார். தாமு என் காதோரம், “முழங்காலு மடக்கியே வைக்கா. மீதி பலகை பாத்துக்கும்” என்றான். கஸ்பார் வள்ளத்தைத் தள்ளிவிட்டு, துடுப்பு போடாமல் ஒதுங்கி நின்றார்.

போனது சுலபம். எழுதவே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றைப் பனையைப் பார்த்தேன், பனை பெரிதாகிக்கொண்டே வந்தது, தடதட சத்தம் நின்றது, கரையின் கூச்சலும் நின்றது. ஓடையின் நிறம் மாறியது கடைக்கண்ணில் தெரிந்தது. பிறகு மணல். இறங்கினேன். கால் வைத்தேன்.

திட்டில் ஒன்றும் இல்லை. சிப்பி, கிழிந்த வலைத்துண்டு, பனை. திரும்பி ஊரைப் பார்த்தேன்.

ஊரை நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. கோயிலின் முகப்பு, வீடுகளின் வாசல், வள்ளங்களின் மூக்கு எல்லாமே கடலைப் பார்த்துத்தான் இருக்கின்றன. இத்தனை வருடம் ஊரின் முதுகைப் பார்த்து வியாபாரம் பண்ணியிருக்கிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. ஓடையில் வள்ளத்திலிருந்து கஸ்பார் கை தட்டினார், காற்று இருக்கும்போதே கிளம்பு என்று.

திரும்பும்போது கோபுரத்தைக் கண்ணில் பிடித்தேன். தண்ணீர்த் தொட்டி அதை ஒட்டி வந்து நின்றது. ஓடைக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். நடு ஓடையில் காற்று செத்தது.

குறையவில்லை, செத்தது. கையிறக்கை ஈரத்துணி மாதிரி தொங்கியது. பலகை இறங்கித் தண்ணீரில் அமர்ந்தது. கரையில் ஓவென்று சத்தம். ஆஸ்வால்ட் அண்ணன் குடையை மடக்கினார், அது தெரிந்தது.

உடம்பு முழங்கால் போடச் சொன்னது. போட்டால் தோல்வி. நான் காலை அகட்டி, மடக்கி, நின்றேன். மஞ்சள் பலகையாக இருந்திருந்தால் அந்த இடத்தில் என் தலைக்கவசம்தான் மிதந்திருக்கும். இந்த வெள்ளைக் கதவு என்னை, என் ஈரத்தை, என் சட்டையை, இரும்பை, எல்லாவற்றையும் கழிவு போடாமல் முழுசாகச் சுமந்தது. பலகையின் விளிம்பில் தண்ணீர் ஏறி இறங்கியது. அதற்கு மேல் வரவில்லை.

வள்ளம் பக்கத்தில் வந்தது. கஸ்பார் துடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டார், தவறியும் படக்கூடாது என்று.

“தொடாதீங்க” என்றேன்.

“தொடல. நின்னுரு எஸ்கலின்.”

“தொடை நடுங்குது.”

“நடுங்கட்டும். விழாத வரைக்கும் நடுங்கலாம். தெக்க பாரு, தண்ணி கறுக்குது. வருது காத்து. இப்ப வந்துரும்.”

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. தெற்கே தண்ணீர் கறுத்து, சுருங்கி, எங்களை நோக்கி வந்தது. கன்னத்தில் காற்று பட்டது. கையிறக்கை நிமிர்ந்தது. தடதட. தடதட. பிறகு சத்தம் இல்லை.

செட் வாசல் மணலில் வந்து இறங்கியபோது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கரைக்கு வந்த பிறகு உட்காரலாம், அதைப் பற்றி நிபந்தனை இல்லை. பெண்கள் எல்லாம் தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள். மீன்காரி ஒருத்தி என் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். தாமு அழுதான். கமிட்டித் தலைவர் நாற்காலியை மடக்கிக்கொண்டே, “சரியாப் போச்சு” என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

கஸ்பார் வள்ளத்தை ஏற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“திட்டுல என்னத்தப் பாத்துட்டு நின்ன?”

“ஊர.”

“நான் கூட்டிப் போயிருக்கணும்” என்றார்.

“இப்ப நான் கூட்டிப் போறேன். அந்த மஞ்சள் உங்களுக்குச் சரியா இருக்கும். ஒல்லிதானே” என்றேன்.

ஜூலை 25

ஆஸ்வால்ட் அண்ணன் காலையிலேயே செட்டுக்கு வந்தார். வாக்குத் தவறுகிறவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாதையை அளந்து கல் நட ஆளும் கொண்டுவந்திருந்தார். ஆனால் உடனே பேச்சுக்கு வரவில்லை. வெள்ளைப் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“இது எத்தனை லிட்டர் தங்கச்சி?”

“நூத்தி நாப்பது.”

“எனக்கு எவ்வளவு ஆவும்? சும்மா கேக்கேன்.”

“எடை சொல்லுங்க.”

“எண்பத்தஞ்சு இருக்கும்.”

தாமு வானத்தைப் பார்த்தான். நான் ஆஸ்வால்ட் அண்ணனைக் காயலில் இறங்கி ஒரு முங்கு முங்கச் சொன்னேன். வேட்டியோடு முங்கினார். சொட்டச் சொட்டக் கூட்டிவந்து பழைய தராசில் ஏற்றினேன். நூற்றாறு.

“தராசுல கோளாறு” என்றார்.

“முப்பது வருசமா உங்க கம்பெனில வாங்குன ஐஸ அந்தக் கோளாறுலதான் நிறுத்தேன்” என்றேன். அவருக்கு நூற்றைம்பது லிட்டர் எழுதிக்கொண்டோம்.

பிறகு குத்தகை பேசினோம். நான் சொல்லும் குத்தகை என்பதுதான் நிபந்தனை, ஒரு ரூபாய் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதைக்குச் சொந்தக்காரன் சிரித்த முகமாக இருந்தால்தான் பள்ளி நடக்கும். கமிட்டித் தலைவர் வந்து எழுதினார், இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ரோட்டிலிருந்து செட்வரை பன்னிரண்டு அடி அகலப் பாதை, இருபது வருடத்துக்கு. ஆஸ்வால்ட் அண்ணனுக்கு விங் பாடம் இலவசம். குத்தகை, வருடம் ஒன்றுக்கு நாற்பது கிலோ முதல்தர நெத்திலிக் கருவாடு, ஈரக் கழிவு போடாமல்.